பி ஷெங்கின் மண் எழுத்துகள்: சீனா ஏன் மரப்பலகையை விடவில்லை?

#1 மைக்கறை

ஷென் குவோ எழுதிய 'மெங்ஷி பிதான்' குறிப்புகளில் அச்சு பற்றிய பத்தியை இந்த வாரம் நிதானமாகப் படித்தேன். சீனாவின் சோங் அரசமரபுக் காலத்து அதிகாரி, வானியலும் தெரியும், நிலவியலும் தெரியும். பதவி போன பிறகு தோட்டத்தில் உட்கார்ந்து 1088 வாக்கில் எழுதிய புத்தகம். அதில் பி ஷெங் என்ற சாதாரண ஆள் ஒருவர் வருகிறார். 1041க்கும் 1048க்கும் இடையில் தனி எழுத்துகளைக் கோத்து அச்சடித்திருக்கிறார். இந்தப் பத்தியைத் தாண்டி அவரைப் பற்றி நமக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஒன்றுமில்லை.

செய்முறை இதுதான். ஈரக் களிமண்ணில், காசின் விளிம்பு கனத்துக்கு எழுத்தைச் செதுக்கி, சுட்டு எடுக்கிறார். ஒரு இரும்புத் தகடு. அதன்மேல் பைன் மரப் பிசின், மெழுகு, காகிதச் சாம்பல் கலந்து பூசுகிறார். இரும்புச் சட்டத்தை வைத்து, எழுத்துகளை உள்ளே நெருக்கி அடுக்கி, அடியில் தீ காட்டுகிறார். பிசின் இளகும்போது மேலே ஒரு தட்டைப் பலகையால் அமுக்கினால் முகம் எல்லாம் ஒரே மட்டம். ஆறினதும் அச்சு. இரண்டு தகடு வைத்துக்கொண்டு, ஒன்று அச்சாகும்போதே மற்றதில் கோப்பு நடக்கிறது. அடிக்கடி வரும் 'ஜி', 'யே' போன்ற எழுத்துகளுக்கு இருபதுக்கு மேல் நகல்கள். அபூர்வ எழுத்து தேவைப்பட்டால் அங்கேயே செதுக்கி வைக்கோல் தீயில் சுட்டுக்கொள்வாராம்.

ஐரோப்பாவில் தனி எழுத்தில் அச்சடித்த கூட்டன்பர்க்குக்கு 400 வருடம் முன்னால். ஆனாலும் அதற்குப் பிறகு 800 வருடம் சீனா பெரும்பாலும் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே மரப்பலகையில் (முழுப்பலகை) செதுக்கித்தான் புத்தகம் போட்டது. 'கண்டுபிடித்தார்கள், மறந்துவிட்டார்கள்' என்று சொல்லும் காணொளிகள் எரிச்சலாக இருக்கின்றன. யாரும் மறக்கவில்லை. அப்படியென்றால் ஏன்?

#2 வல்லினம்மிகா

இதுல என்ன மர்மம் மைக்கறை? அவங்களுக்கு ஆயிரக்கணக்குல எழுத்து. ஐரோப்பாக்காரனுக்கு 26. நமக்கு 247ன்னாலும் கொம்பு, கால் எல்லாம் தனியாப் போட்டு சமாளிச்சுட்டோம். முடிஞ்சது கதை. இழையைப் பூட்டிடலாம் :)

#3 ஈயவிரல்

பூட்டாதீக. நான் 31 வருசம் மதுரைப் பக்கம் டிரெடில் பிரஸ்ல அச்சுக் கோத்தவன். இந்தப் பத்தியைப் படிச்சதும் கை தானா அசைஞ்சது.

மொத விசயம், அந்தத் தட்டைப் பலகை. நாங்களும் ஃபாரம் (கோத்த எழுத்தெல்லாம் சட்டத்துல இறுக்கினது) கட்டி முடிச்சதும் மேல கட்டையை வச்சு சுத்தியல்ல தட்டி மட்டம் பண்ணுவோம். ஒரு எழுத்து ஒரு நூல் ஒசந்தாலும் காகிதம் கிழியும், தாழ்ந்தா எழுத்தே விழாது. அந்த மனுசன் இதைத் தானாக் கண்டுபிடிச்சிருக்காருன்னா கும்பிடணும்.

ரெண்டாவது, சாம்பல். வெறும் மெழுகு இளகினா தண்ணி மாதிரி ஓடும். சாம்பல் சேத்தாத்தான் கெட்டியா நிக்கும். ஆனா ஒரு நாள் பூரா அடிக்கிறப்ப மெழுகுப் பிடிப்பு தாங்குமான்னு எனக்குச் சந்தேகம். ஆடும். எழுத்து ஆட ஆரம்பிச்சா அவ்வளவுதான்.

மூணாவது, வல்லினம் தம்பிக்கு. எழுத்து எண்ணிக்கையை நெனச்சு கம்போசிட்டர், அதான் அச்சுக் கோக்கிறவன், பயப்பட மாட்டான். எது எந்த அறையில இருக்குன்னு கைக்குத் தெரியும். எங்களைக் கொன்னது கோக்கிற வேலை இல்ல, அச்சடிச்ச பெறகு பிரிச்சுப் போடுற வேலை. ஒவ்வொண்ணையும் அதனதன் அறைக்குத் திருப்பணும். அதுக்கு யாரும் கூலியைக் கணக்குலயே எடுக்க மாட்டாக. இவுக அதை எப்படி வச்சிருந்தாக?

#4 மைக்கறை

ஐயா, அதையும் ஷென் குவோ சொல்கிறார். ஓசை வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு ஓசைக் குடும்பத்துக்கும் ஒரு காகிதச் சீட்டு ஒட்டி, மரச் சட்டங்களில் வைத்தார்களாம். படித்தவர்களுக்குச் செய்யுள் எழுத ஓசை அகராதி மனப்பாடம், அதனால் அந்த வரிசை கைவரும்.

1298இல் வாங் ஜென் என்ற மாவட்ட அதிகாரி இன்னும் ஒரு படி மேலே போனார். மரத்தில் 60,000க்கு மேல் தனி எழுத்துகள். அவற்றை வட்டமான சுழல் மேசைகளில் அடுக்கி, நடுவில் கம்போசிட்டரை உட்காரவைத்தார். ஆள் நடக்க வேண்டாம், மேசை அவரிடம் வரும். உள்ளூர் வரலாற்று நூல் ஒன்றை ஒரு மாதத்துக்குள் 100 படி அடித்து முடித்தார்.

#5 ஈயவிரல்

எங்க மொதலாளிக்கு இந்த யோசனை வந்திருந்தா என் முழங்கால் இன்னைக்கு நல்லா இருந்திருக்கும்.

#6 சியோல்வாசி

இங்கே வேலைக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. என் துறை பொருளறிவியல், வரலாறு அல்ல. ஆனாலும் உலோக எழுத்து என்றால் வாய் சும்மா இருக்காது.

வல்லினம்மிகா சொல்லும் காரணத்தைக் கொரியா ஒன்றே உடைக்கிறது. கொரியர்கள் பயன்படுத்தியதும் அதே சீன எழுத்துகள்தான். அவர்களின் சொந்த எழுத்தான ஹங்குல் வந்தது 1440களில். அதற்கு முன்பே அவர்கள் உலோகத்தில் வார்க்கத் தொடங்கிவிட்டார்கள். இன்று கையில் இருக்கும் மிகப் பழைய உலோக எழுத்து நூல் 'ஜிக்ஜி', 1377இல் சோங்ஜு நகரின் ஹங்டொக் மடத்தில் அச்சானது. 1403இல் அரசே எழுத்து வார்ப்பகம் அமைத்தது. அன்றிலிருந்து 19ஆம் நூற்றாண்டு வரை திரும்பத் திரும்ப புதிது புதிதாக வார்த்திருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான எழுத்து தடையென்றால் இது நடந்திருக்க முடியாது.

ஈயவிரல் ஐயாவின் மெழுகுச் சந்தேகம் நூற்றுக்கு நூறு சரி! 1403 எழுத்துகளை மெழுகில்தான் பதித்தார்கள். எழுத்து நகர்ந்துகொண்டே இருந்ததால் ஒரு நாளைக்குச் சில தாள்கள்தான் தேறின. செஜோங் மன்னர் காலத்தில் 1420இல் எழுத்தையும் தகட்டையும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி திருத்தினார்கள், வேகம் நாளைக்கு 20 தாள் என்று ஏறியது. 1434இல் கபின்ஜா என்ற தொகுதி: 2,00,000க்கு மேல் எழுத்துகள், இரண்டே மாதத்தில். மெழுகை விட்டுவிட்டு இடைவெளிகளில் மூங்கில் சீவலைச் செருகி இறுக்கினார்கள். நாளைக்கு 40 தாள்.

#7 ஈயவிரல்

ஆப்பு! நாங்களும் ஆப்பு அடிச்சுத்தானே பூட்டினோம். எந்த ஊரா இருந்தாலும் கடைசியில ஆப்புக்குத்தான் வந்து நிக்கணும்.

இன்னொண்ணு கேக்கணும். மை எப்படி ஒட்டுச்சு? சீன மை தண்ணி மை. மரம் குடிக்கும். உலோகத்துல தண்ணி மையைத் தடவினா முத்து முத்தா உருண்டு ஓடுமே?

#8 சியோல்வாசி

மிகச் சரியான கேள்வி ஐயா. மரப்பலகைக்குப் பைன் புகைக்கரி மை. உலோகத்துக்கு எண்ணெய் விளக்குப் புகைக்கரியில் செய்த மையைப் பயன்படுத்தினார்கள். ஆனாலும் பழைய உலோக அச்சுத் தாள்களைப் பார்த்தால் எழுத்துக்குள் புள்ளி புள்ளியாகத் திட்டு தெரியும். மேலிருந்து அழுத்தும் இயந்திரம் கிடையாது. தாளைப் போட்டு முதுகில் தேய்ப்பதுதான், அதனால் ஒரு பக்கம் மட்டும் அச்சு.

இன்னொரு கொசுறு. 16ஆம் நூற்றாண்டுச் சட்டத் தொகுப்பு ஒன்றின்படி ஒரு பகுதிக்கு ஒரு பிழை என்றால் அச்சகத்தாருக்கு 30 அடி.

#9 ஈயவிரல்

அந்தச் சட்டம் இங்க இருந்திருந்தா நான் 1980லயே செத்திருப்பேன்.

#10 வல்லினம்மிகா

சரி, எழுத்து எண்ணிக்கை காரணம் இல்லன்னு ஒத்துக்கறேன். ஆனா அப்போ இன்னொண்ணு தெளிவாயிடுச்சே. கொரியாவுல 1377, கூட்டன்பர்க் 1450கள்ல. நடுவுல மங்கோலியப் பாதை. ஆள் சுட்டுட்டார்! எனக்கு ஒரு ஃபார்வர்டு வந்துச்சு, போப்பாண்டவர் தூதர் கொரியா போய் எழுத்தைக் கொண்டு வந்தார்னு.

#11 நெடுங்கடல்

தம்பி, அந்த ஃபார்வர்டை அழிச்சுப்போடுங்கோ. 1925இல தாமஸ் கார்ட்டர் சீன அச்சு மேற்கே பரவின கதையை எழுதினதில இருந்து நூறு வருசமாத் தேடினம். எழுத்துக்கோப்பு முறை கொரியாவில இருந்து கூட்டன்பர்க்கின்ர மைன்ஸ் நகரத்துக்குப் போனதுக்கு ஒரு கடிதம், ஒரு கருவி, ஒரு சாட்சி கிடைக்கேல்லை.

உய்குர் மொழிக்கு மரத்தில செய்த எழுத்துக் கட்டையள் 960 வரை வடமேற்குச் சீனாவின்ர துன்ஹுவாங் குகையில 1908இல போல் பெலியோவுக்குக் கிடைச்சது உண்மை. தங்குத் மொழியில மர எழுத்தில அச்சடிச்ச பௌத்த நூல் ஒண்டும் நிங்சியா மலைக்குள்ள, கள்வர் வெடிவைச்சுத் தகர்த்த கோபுர இடிபாட்டுக்குள்ள, 1991இல அம்பிட்டது. ஆக நுட்பம் மேற்குப் பக்கம் கொஞ்சத் தூரம் நடந்திருக்கு. அங்கையே தடம் நிண்டு போச்சு.

செய்முறையைப் பார்த்தாலும் ரெண்டும் வேறை வேறை குடும்பம். கொரியர் மர எழுத்தை ஈரமணலில அழுத்தி, அந்தக் குழியில வெண்கலத்தை வார்த்தவை. மரக்கிளையில காய் தொங்கின மாதிரி எழுத்துகள் வரும், அறுத்து அராவ வேணும். மைன்ஸில ஈயக்கலவை, உலோக அச்சுவார்ப்பு, எண்ணெய் மை, திராட்சை பிழியிற மாதிரியான அழுத்து பொறி. ஒண்டைப் பார்த்து மற்றதைச் செய்தவன் ஒரு பாகத்தையாவது அப்படியே வைச்சிருப்பான்.

#12 வல்லினம்மிகா

ஓகே அண்ணை, ஃபார்வர்டு டெலீட்டட். குடும்பக் குழுவுலயும் சொல்லிட்டேன், மாமா கோவிச்சுக்கிட்டார்.

#13 மைக்கறை

இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு இப்போது தோன்றுவது: நாம் கேள்வியையே தலைகீழாகக் கேட்கிறோம். முழுப்பலகைக்கு அப்படி என்ன குறை என்றல்லவா முதலில் கேட்டிருக்க வேண்டும்?

16ஆம் நூற்றாண்டின் இறுதியில் சீனாவில் வாழ்ந்த இத்தாலியப் பாதிரியார் மத்தேயோ ரிச்சி இரண்டு உலகத்து அச்சையும் கண்ணால் பார்த்தவர். ஐரோப்பியக் கம்போசிட்டர் ஒரு ஃபாரத்தைக் கோத்துப் பிழை திருத்தும் நேரத்துக்குள் சீனச் செதுக்குநர் ஒரு பலகையை முடித்துவிடுகிறார் என்கிறார். தேர்ந்த ஆள் நாளைக்கு 1,500 தாள் எடுப்பாராம். பிழை இருந்தால் அந்த இடத்தை மட்டும் வெட்டி மரத்துண்டு பதித்துத் திருத்தலாம். அவர் வியந்த முக்கியமான விஷயம், பலகை பத்திரமாக இருக்கிறது. எப்போது வேண்டுமோ அப்போது, எத்தனை வேண்டுமோ அத்தனை.

இதுதான் உயிர்நாடி என்று நினைக்கிறேன். தனி எழுத்தில் அச்சடித்தால் எத்தனை படி விற்கும் என்று முன்கூட்டியே ஊகித்து, மொத்தமாக அடித்துவிட்டு, எழுத்தைப் பிரித்துவிட வேண்டும். காகிதத்தில் போட்ட பணம் விற்கும்வரை முடங்கிக் கிடக்கும். பலகை வைத்திருப்பவர் இன்று 30 அடிக்கலாம், பேரன் காலத்தில் இன்னொரு 50. சிந்தியா புரோக்கா ஆராய்ந்த ஃபுஜியன் மாகாணத்துச் சிபாவோ ஊரில் குடும்பச் சொத்துப் பிரிவினையில் பலகைகளையும் பங்கு போட்டார்கள். நிலம் மாதிரி, பலகையை வாடகைக்கும் விட்டார்கள்.

ஆள் கூலி இன்னொன்று. கம்போசிட்டருக்கு எழுத்து தெரிந்திருக்க வேண்டும். செதுக்குபவருக்குத் தெரிய வேண்டியதில்லை. அழகாக எழுதிய தாளைப் பலகையில் கவிழ்த்து ஒட்டுவார்கள், கோடு தெரியும் இடத்தை விட்டு மற்றதைக் குடைய வேண்டியதுதான். குவாங்டோங்கின் மாகாங் ஊரில் பெண்களும் சிறுமிகளும் இந்த வேலையைச் செய்தார்கள். கூலி மலிவு.

வாங் ஜென்னுக்கு நடந்ததே வேடிக்கை. சுழல் மேசைக்காரர். தன் வேளாண்மை நூலை இந்த எழுத்துகளில்தான் அச்சடிக்க வேண்டும் என்று இருந்தார். பணிமாற்றம் ஆகி ஜியாங்சி போனால், அங்கே அந்த நூலுக்குப் பலகை செதுக்கும் வேலை ஏற்கெனவே தொடங்கியிருந்தது. எழுத்துப் பெட்டிகள் சும்மா கிடந்தன. தனி எழுத்தைப் பற்றி அவர் எழுதிய விளக்கமே நமக்குப் பலகை அச்சில்தான் வந்து சேர்ந்தது.

#14 வல்லினம்மிகா

ஒரு குறுக்கு விசாரணை. ஷென் குவோவே 'ரெண்டு மூணு படிக்கு லாபமில்ல, நூறு ஆயிரம்னா அசுர வேகம்'னு சொல்றாரே. அப்போ நிறைய படிக்குத்தான் தனி எழுத்து நல்லதுன்னு ஆகுது. நீங்க நேர்மாறாச் சொல்றீங்க.

#15 மைக்கறை

நல்ல இடம் பிடித்தீர்கள். ஷென் குவோ சொல்வது ஒரே தடவையில் அடிப்பதை. இரண்டு மூன்று படி என்றால் கையால் எழுதிவிடலாம். ஒரே மூச்சில் நூறு வேண்டும், மறுபடி வேண்டாம் என்றால் தனி எழுத்து. வருடக்கணக்கில் மறுபடி மறுபடி கேட்பார்கள் என்றால் பலகை. சீனாவில் அதிகம் விற்றவை செவ்வியல் நூல்கள், அரசுப் பணித் தேர்வுக்கான உரைகள், பஞ்சாங்கம், மருந்துக் கையேடு. எல்லாமே மூன்றாவது வகை.

தனி எழுத்து பிடித்திருந்த இடங்களைப் பாருங்கள். குலவரலாறு: ஒரு குடும்பத்துக்குச் சில பத்துப் படி, அடுத்த தலைமுறையில் எப்படியும் பெயர்கள் மாறும். அரண்மனை: பல நூறு தலைப்புகள், ஒவ்வொன்றும் கொஞ்சம்.

அரண்மனைக் கதை தனி. 1720களில் 'குஜின் துஷு ஜிசெங்' என்ற கலைக்களஞ்சியத்துக்குச் செப்பு எழுத்துகள் செய்தார்கள். 10,000 அத்தியாயம், அடித்தது வெறும் 64 படி. 1744இல் செம்பு தட்டுப்பாடு வந்ததும் அந்த எழுத்துகளை உருக்கிக் காசாக்கிவிட்டார்கள். பிறகு சியன்லுங் பேரரசருக்குப் பெரிய நூல்வரிசை போட ஆசை வந்தபோது செம்பு இல்லை. ஜின் ஜியன் என்ற அதிகாரி (கொரிய வழிக் குடும்பம், சியோல்வாசி குறித்துக்கொள்ளவும்) 1773இல் கணக்குப் போட்டுக் காட்டினார். 'ஷிஜி' என்ற ஒரே ஒரு நூலுக்குப் பலகை செதுக்க 1,400 தேல் (பழைய சீன எடை அளவு) வெள்ளிக்கு மேல் ஆகும். ஏறக்குறைய அதே செலவில் மர எழுத்துத் தொகுதி ஒன்று செய்தால் எல்லா நூலுக்கும் ஆகும். பேரரசர் ஒத்துக்கொண்டார். 2,50,000 எழுத்துகள் செய்தார்கள். கணக்கு இரண்டு பக்கமும் தெரிந்துதான் செய்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

#16 சியோல்வாசி

கொரியாவும் இதில் பொருந்துகிறது, நான் முன்பு பாதியைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். தலைநகரில் உலோக எழுத்தில் கொஞ்சம் படி அடித்து அதிகாரிகளுக்குக் கொடுப்பார்கள். நல்ல வரவேற்பு இருந்தால் ஒரு படி மாகாணத்துக்குப் போகும். அங்கே அந்தத் தாளையே பலகையில் ஒட்டிச் செதுக்கி, பெருமளவில் அடிப்பார்கள். முதலில் உலோகம், பிறகு மரம்! 'வளர்ச்சிப் படிநிலை' என்று பள்ளியில் வரையும் அம்புக்குறி இங்கே பின்பக்கம் பார்க்கிறது.

#17 நெடுங்கடல்

ஜப்பானை விட்டுப்போட்டியள். அதுதான் இந்த வாதத்துக்கு ஆகத் திறமான சாட்சி.

1590இல வலிஞ்ஞானோ எண்ட இயேசு சபைப் பாதிரியார் ஐரோப்பிய அச்சு இயந்திரத்தை நாகசாகிக்குக் கொண்டு வந்தவர். அந்தப் பயணம் கோவா வழியா வந்தது. அவரோட திரும்பின ஜப்பானியப் பெடியன் ஒருவன்ர லத்தீன் உரையை 1588இல கோவாவிலேயே அச்சடிச்சவை. அதே சபையார்தான் பத்து வருசத்துக்கு முதல் 1578இல கொல்லத்தில 'தம்பிரான் வணக்கம்' அடிச்சது. தமிழ் எழுத்தில வந்த எங்கட முதல் அச்சுப் புத்தகமும் ஜப்பானின்ர முதல் ஐரோப்பிய அச்சும் ஒரே வலையமைப்பின்ர பிள்ளையள்.

1592இல ஹிதேயோஷி கொரியாவுக்குப் படை அனுப்பினதில கொள்ளைப் பொருளாக் கொரிய எழுத்துகளும் ஜப்பானுக்கு வந்தது. ஆக ஒரே நேரத்தில ரெண்டு பக்கத்தாலயும் தனி எழுத்து. அரசரும் அடிச்சார், தொகுகவா இயேயசுவும் செப்பு எழுத்து வார்ப்பிச்சார். கியோத்தோ பக்கம் சாகா பதிப்புகள் எண்டு, கூட்டெழுத்தா ரெண்டு மூண்டு எழுத்தை ஒரே கட்டையில செதுக்கி, கையெழுத்து மாதிரியே அடிச்சவை. பார்க்கக் கண் குளிரும்.

1650 வாக்கில எல்லாம் ஓய்ஞ்சு போச்சு. திரும்பவும் பலகை. எப்ப எண்டு பாருங்கோ: வாசகர் குறைஞ்ச நேரத்தில இல்லை, நகரங்களில வாசகர் பெருகின நேரத்தில. புத்தகம் வியாபாரமான உடன பலகைக்குப் போனவை. படம் போடலாம், எழுத்துக்குப் பக்கத்தில உச்சரிப்புக் குறியைப் பொடியாச் செதுக்கலாம், திரும்ப அடிக்கலாம்.

#18 ஈயவிரல்

இதைப் படிக்கப் படிக்க ஒண்ணு ஞாபகம் வருது. பள்ளிக்கூட நோட்ஸ் போடுற பதிப்பாளர் ஒருத்தர் வருசா வருசம் வருவார். 'போன வருச ஃபாரத்தைப் பிரிக்காம வையுங்க, அடுத்த வருசம் அப்படியே அடிக்கலாம்'பார். எப்படி வைக்கிறது? அம்புட்டு ஈயமும் அதுல மாட்டிக்கிட்டா கல்யாணப் பத்திரிகைக்கு எழுத்து ஏது? பிரிச்சுருவோம். அடுத்த வருசம் அதே புத்தகத்தை அச்சரம் மாறாம மறுபடி கோப்போம். முட்டாத்தனமான வேலைன்னு அப்பவே தோணும்.

பெரிய பிரஸ்ல ஸ்டீரியோ எடுப்பாக. ஃபாரத்து மேல நனைஞ்ச காகிதக் கூழை அமுக்கிக் காய வச்சு, அதுல ஈயத்தை ஊத்தினா முழுப் பக்கமும் ஒரே தகடாயிரும். எழுத்தைப் பிரிச்சுக்கலாம், தகடு பீரோவுல தூங்கும். இப்ப யோசிச்சா, வெள்ளைக்காரன் அத்தனை சுத்திட்டுச் சீனாக்காரன் பலகைக்கே வந்து நின்னிருக்கான்.

#19 மைக்கறை

ஐயா, இந்த ஒரு பதிவுக்காகவே இழை தொடங்கியது வீண் போகவில்லை.

#20 வல்லினம்மிகா

நானும் கட்சி மாறிட்டேன். கடைசிச் சந்தேகம்: அவ்வளவு நல்ல பலகை எப்படிச் செத்துச்சு? ஈய எழுத்துதானே கொன்னுச்சு?

#21 மைக்கறை

அங்கேயும் ஒரு திருப்பம். 19ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள் சீன ஈய எழுத்துகளைச் செய்தார்கள். ஷாங்காயில் வில்லியம் கேம்பிள் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பெட்டிகளை அடுக்கினார். செய்தித்தாளுக்கு அது ஏற்றது. தினமும் புதுச் செய்தி, மறுபதிப்பு கிடையாது. ஆனால் புத்தகச் சந்தையில் பலகைக்கு முதல் பெரிய அடி கொடுத்தது கல்லச்சு என்கிறார் கிறிஸ்டோபர் ரீட். 1870களின் இறுதியில் ஷாங்காயில் தியான்ஷிஜாய் கூடம் பழைய நல்ல பதிப்புகளைப் படம் பிடித்து, சுருக்கி, கல்லில் ஏற்றிப் பொடி எழுத்தில் விற்றது. 'காங்சி' அகராதி அப்படித்தான் தேர்வெழுதப் போகிறவர்கள் கைக்கு வந்தது. கையெழுத்து அழகு அப்படியே, விலை குறைவு. பலகையின் குணங்களோடு வந்ததுதான் பலகையை முதலில் வென்றது. ஈயம் முழுவதாக ஆண்டது அதற்குப் பிறகு, 20ஆம் நூற்றாண்டில்.

#22 கற்றுக்குட்டி

புதுசா சேர்ந்தேன், அமைதியா படிச்சிட்டிருந்தேன். ஒரு பழைய தாளைப் பார்த்து அது பலகையா தனி எழுத்தான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க?

#23 சியோல்வாசி

வாங்க. ஓர் எழுத்து தலைகீழாக நின்றால் தனி எழுத்துதான். பலகையில் அப்படிச் செதுக்க யாருக்கும் தோன்றாது. 'ஜிக்ஜி'யில் அப்படிச் சில இருக்கின்றன. சட்டத்தின் மூலைகளில் கோடு சேராமல் இடைவெளி இருக்கும். ஓர் எழுத்தில் மூக்கு உடைந்திருந்தால் அதே உடைசல் பத்துப் பக்கம் தள்ளி இன்னொரு வரியில் வரும். மை சில எழுத்தில் அடர்ந்தும் பக்கத்து எழுத்தில் வெளிறியும் இருக்கும்.

'ஜிக்ஜி' இன்று கொரியாவில் இல்லை என்பது தெரியுமா? பிரெஞ்சு அதிகாரி கொலின் தெ பிளான்சி சேகரித்துக்கொண்டு போனார், 1911 ஏலத்தில் 180 பிராங்குக்குப் போனது, கடைசியில் பாரிஸ் தேசிய நூலகம். அங்கே வேலை பார்த்த கொரியப் பெண் பார்க் பியோங்சன் 1967இல் அதை அடையாளம் கண்டு, 1972 கண்காட்சியில் உலகத்துக்குக் காட்ட வைத்தார். இரண்டாம் தொகுதி மட்டும்தான் மிச்சம். சோங்ஜு அருங்காட்சியகத்தில் இருப்பது நகல்.

ஆனால் 2021இல் சியோலின் இன்சாதோங் பகுதியில் தோண்டியபோது பானைக்குள் 1,600 அளவில் உலோக எழுத்துகள் கிடைத்தன. அவற்றில் தொடக்க கால ஹங்குலும் உண்டு.

#24 ஈயவிரல்

தம்பி, அந்த எழுத்தோட முதுகு எப்படி இருக்கு? சதுரமா, குழிஞ்சா? பக்கவாட்டுல அராவின தடம் தெரியுதா? படத்துல எல்லாம் முகத்தைத்தான் காட்டுறாக. முதுகைப் பாத்தாத்தான் எப்படி நிக்க வச்சாகன்னு தெரியும்.

#25 சியோல்வாசி

சனிக்கிழமை அருங்காட்சியகம் பக்கம் போகிறேன் ஐயா. உலோக எழுத்து எதையாவது பக்கவாட்டில் கண்ணாடி வைத்துக் காட்டியிருந்தால் முதுகைப் படம் எடுத்து இங்கேயே போடுகிறேன்.